அத்தைக்கு வெறும் ஞாபக மறதியா, டிமென்ஷியாவா?

தஞ்சை மருமகள்:
அத்தைக்கு 71 வயசு. பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். ஏழெட்டு மாசமாக சாம்பாரில் ரெண்டு தடவை உப்பு விழுகிறது, கேட்டதையே அரைமணியில் திரும்பக் கேட்கிறார். மார்கழியில் புள்ளியெல்லாம் சரியாக வைத்தார், இழையை எங்கே வளைப்பது என்று தெரியாமல் பாதியில் எழுந்துவிட்டார். இப்போது வேலை செய்யும் அக்கா செயினை எடுத்துவிட்டார் என்கிறார். 'வயசானா இப்படித்தான்' என்கிறார் மாமா. யாரிடம் காட்டுவது?

முதியோர் நர்ஸ்:
ஒரு பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் நினைவுக்கு வந்தால் அது வயசு. காலமெல்லாம் போட்ட கோலம் கைக்கு வராமல் போவதை வயசு என்று விடக்கூடாது. அதற்காக டிமென்ஷியா, அதாவது மூளை பாதிப்பால் வரும் மறதி நோய் என்று இப்போதே முடிவுகட்டவும் வேண்டாம்.

வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம்; சுத்த சைவமென்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். அந்தக் குறைவே மறதியைக் கொண்டுவரும். முதலில் ரத்தத்தில் பி12, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சோடியம், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்த அணுக்கள், சர்க்கரை பாருங்கள். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், மூன்றுமே மூளையை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சமீபத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் சொல்லுங்கள். வாரக்கணக்கில் மெல்ல ரத்தம் கசிந்தும் இப்படி ஆகும்.

ரெண்டே நாளில் திடீரென்று குழம்பினால் அது வேறு கதை. சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

போக வேண்டியது நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம். பலர் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய், 'நார்மல்' என்று வந்ததும் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் எம்ஆர்ஐ பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். எப்போது தொடங்கியது, எந்த வேலை விட்டுப்போனது என்று தேதியோடு நீங்கள் எழுதித் தரும் ஒரு பக்கம்தான் டாக்டருக்கு அதிகம் உதவும். அத்தை எதுவரை படித்தார் என்பதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரை ஞாபகச் சோதனையில் கடிகாரம் வரையச் சொல்லி மார்க் போட்டால் தப்பான முடிவுதான் வரும்.

தஞ்சை மருமகள்:
டாக்டர் என்றாலே 'எனக்கென்ன பைத்தியமா' என்று சண்டைக்கு வருகிறார்.

பகல்நேரப் பராமரிப்பு:
சர்க்கரை செக்கப் என்று கூட்டிப்போங்கள். அது பொய்யும் இல்லையே. எழுதியதை முன்கூட்டியே டாக்டர் கையில் சேர்த்துவிடுங்கள். அத்தை எதிரில் குறைகளை அடுக்கினால் அடுத்த முறை வரமாட்டார்.

செயின் விஷயத்தில் 'யாரும் எடுக்கல' என்று வாதாடாதீர்கள். வைத்த இடம் மறந்துபோகிறது, அந்த இடைவெளியைத் திருட்டு என்று மனசு நிரப்பிக்கொள்கிறது. 'வாங்க அத்தை, தேடலாம்' என்று கூடவே தேடுங்கள். தலையணை உறை, அரிசி டப்பா, புடவை மடிப்பு, பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். வேலை செய்யும் அக்காவிடம் தனியாக விஷயத்தைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர் நின்றுவிடுவார்.

சமையலைப் பிடுங்க வேண்டாம். காய் நறுக்கட்டும், உப்பும் அடுப்பும் உங்கள் பொறுப்பு. வெளியே போகும்போதும் படுக்கும்போதும் சிலிண்டர் ரெகுலேட்டரையே மூடுங்கள். பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள், நிழல் விழுந்தால் சாயங்காலப் பதற்றம் கூடும். மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா வாங்கினால் மட்டும் போதாது, யாராவது கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை ரெண்டு தடவை போய்விடக் கூடாது, முக்கியமாக கிளிமிபிரைடு இருந்தால். சர்க்கரை இறங்கிவிடும்.

பத்திர எழுத்தர்:
இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. அத்தை பெயரில் கணக்கோ வீடோ இருந்தால் இப்போதே கவனியுங்கள். தெளிவாக இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு கணக்கை 'இருவரில் ஒருவர்' என்று கூட்டாக மாற்றலாம், நாமினியைச் சேர்க்கலாம். உயில் எழுத விரும்பினால் அன்றைய தேதியில் டாக்டர் சான்றிதழ் வாங்கிப் பதிவு செய்யுங்கள். தன் சார்பில் இன்னொருவர் செயல்பட பவர் பத்திரம் எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி அந்த பவர் முடிந்துவிடும். அப்புறம் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.