600039: பின்கோடு பார்த்து கார்டு மறுப்பதே இல்லையாம்!

வடசென்னைக்காரன்:
நேற்று ஒரு மகான் இங்கே எழுதியிருந்தார், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 750க்கு மேல் இருந்தால் கார்டு வாங்கப் போதுமாம், முகவரியும் போன் நம்பரும் தபால் அனுப்ப மட்டும்தான் கேட்கிறார்களாம். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் ஸ்கோர் 782. வியாசர்பாடி முகவரி போட்டு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். 600039 என்று தட்டியதுமே "தற்போது வழங்க இயலவில்லை" என்று வந்துவிட்டது, சம்பளம் எவ்வளவு என்றுகூட இன்னும் கேட்கவில்லை! அப்புறம் அதே பேங்கில் பெரம்பூர் மச்சான் வீட்டு முகவரி, 600011, போட்டேன். கார்டு வந்தது. அதே ஆள், அதே சம்பளம், அதே 782. தபால் அனுப்பவா கேட்டான்?

கடன்மேசை:
அந்த மகான் நான்தான். 22 வருஷம் பேங்கில் லோன் சாங்ஷன் செய்யும் மேசையில் உட்கார்ந்தவன். சிபில் ஸ்கோரில் முகவரி, போன், இமெயில் எதுவும் சேராது, ரிப்போர்ட்டில் அது தனிப் பகுதி. முதலில் பின்கோடு கேட்பது அந்த ஏரியாவில் அவர்களுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்க. சர்வீஸ் ஏரியா வேறு, கடன் முடிவு வேறு. ஒரே ஒரு கேள்வி: இரண்டு விண்ணப்பத்துக்கும் நடுவில் எத்தனை நாள்?

வடசென்னைக்காரன்:
சர்வீஸ் ஏரியாவாம். பெரம்பூர் வரை வருகிற கூரியர் பையன் வியாசர்பாடிக்குள் வந்தால் கால் உடைந்துவிடுமா சார்? தினமும் பீட்சா வருகிறது, கார்டு வராதா? நாளை எண்ணுகிறாராம். கொஞ்ச நாள்தான்.

எம்கேபிநகர்_2:
எனக்கும் 600039தான். போன வருஷம் கார்டு வந்தது, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சும்மா ஏரியா பேரைக் கெடுக்காதீர்கள் அண்ணே.

வடசென்னைக்காரன்:
உங்களுக்கு என்ன வேலை தம்பி? கவர்மென்ட் வேலையா? சம்பளக் கணக்கே அந்த பேங்கில்தானா? அதைச் சொல்லுங்கள் முதலில். ஏரியா பேரைக் கெடுத்தது நானா? முப்பது வருஷமாக எங்கள் ஊரை ரவுடி ஊர் என்று காட்டுகிறவனிடம் போய்க் கேளுங்கள்.

எம்கேபிநகர்_2:
சம்பளக் கணக்கு அங்கேதான். அதனால் பின்கோடு மாறிவிடுமா?

டேட்டா_தம்பி:
ஜெர்மனியில் இதைப் பற்றிப் பெரிய ஆய்வே உண்டு. ஆன்லைனில் ஃபர்னிச்சர் விற்கும் ஒரு கம்பெனியின் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்களை எடுத்துப் பார்த்தார்கள், 2020இல் வெளியானது. இமெயிலில் சொந்தப் பெயர் இருப்பவர்கள் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறார்களாம். பெயரையும் முகவரியையும் கேபிடல் எழுத்தே இல்லாமல் அடிக்கிறவர்கள் கட்டாமல் விடுவது இரண்டு மடங்குக்கும் மேலாம். அதனால் பின்கோடு என்ன, இமெயிலே பேசும்.

வடசென்னைக்காரன்:
ஜெர்மன்காரன் சோபா வாங்கிய கதை எனக்கு எதற்கு? என் இமெயிலில் என் பெயர்தான் இருக்கிறது. 600039ஐப் பற்றிப் பேசுங்கள்.

கடன்மேசை:
எத்தனை நாள் என்று கேட்டேன்.

பைக்கில்_வெரிஃபிகேஷன்:
நான் ஆறு வருஷம் முகவரி சரிபார்க்கப் போன ஆள், சொல்கிறேன் கேளுங்கள். வாசலில் நின்று ஒரு போட்டோ, பெயர்ப்பலகை இருந்தால் அதையும் சேர்த்து. அப்புறம் பக்கத்து வீட்டில் "இவரைத் தெரியுமா, எத்தனை வருஷமாக இருக்கிறார்" என்று கேட்போம். ஒரு தடவை கீழ்வீட்டு இட்லிக்கடை அக்கா, "அந்தத் தம்பி வீட்டில் இருக்கிறதே இல்லையே" என்று சொன்னார். பாவம், அவன் நைட் ஷிஃப்ட் போகிறவன். நான் என்ன எழுத முடியும்? நெகட்டிவ். கடன் கொடுக்கத் தயங்கும் ஏரியா லிஸ்டும் கையில் இருந்தது, தெருப் பெயர் வரைக்கும். வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர் என்றால் அதற்குத் தனி லிஸ்ட்.

வடசென்னைக்காரன்:
கேட்டீர்களா கடன்மேசை சாரே? லிஸ்ட்! தெருப் பெயரோடு! 22 வருஷம் உட்கார்ந்த மேசையில் அந்த லிஸ்ட் மட்டும் கண்ணில் படவில்லையா, இல்லை மேலே டீ டம்ளர் வைத்திருந்தீர்களா?

கறுப்பு_கோட்டு:
வக்கீலுக்குத் தனி லிஸ்ட்டா? இப்படி எங்களை ஒதுக்கிவிட்டு, செக் பவுன்ஸ் கேஸ் போட மட்டும் எங்களிடமே ஓடி வருகிறார்கள்.

பைக்கில்_வெரிஃபிகேஷன்:
நான் எழுதிய லிஸ்ட் இல்லை சார், கொடுத்தது.

கடன்மேசை:
லிஸ்ட் பழைய காலம். ஒரு காலத்தில் லேண்ட்லைன் இல்லாதவனுக்கு லோன் கிடைப்பதே கஷ்டம், அது போகவில்லையா? போன மாதம் தங்க நகைக் கடன் பேச்சிலும் இந்த மனிதர் இப்படித்தான் கத்தினார், கடைசியில் ரசீதைத் தொலைத்தது அவர்தான் என்று தெரிந்தது. கேள்விக்கு வருகிறேன். நடுவில் பழைய லோன் எதையாவது முடித்தீர்களா? முடித்திருந்தால் மாதத் தவணைச் சுமை குறைந்து முடிவு மாறியிருக்கலாம். எத்தனை நாள்? இன்னொன்று, குடியிருக்காத முகவரியைக் கொடுத்தது பொய்த் தகவல். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்.

வடசென்னைக்காரன்:
நகைக் கடனை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த ரசீது அப்புறம் கிடைத்தது, அதையும் இங்கே எழுதினேன், உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது. நாற்பது நாள், போதுமா? பைக் லோன் முடிந்தது வேறு விஷயம். வாரத்தில் நாலு நாள் மச்சான் வீட்டில்தான் சாப்பிடுகிறேன், அதுவும் முகவரிதான். உண்மையான முகவரிக்கு மரியாதை இல்லாத இடத்தில் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எம்கேபிநகர்_2:
ஆக, நடுவில் பைக் லோன் முடிந்திருக்கிறது.

டேட்டா_தம்பி:
அதே 782 என்றீர்கள், லோன் முடிந்த பிறகும் அதே 782ஆ?

வடசென்னைக்காரன்:
ஒன்றிரண்டு கூடியிருக்கும். சம்பளமே கேட்காமல் துரத்தினான் என்று சொல்கிறேன், அதை யாராவது பேசுகிறீர்களா? பின்கோடு! பின்கோடு!

கறுப்பு_கோட்டு:
அண்ணே, கார்டு விண்ணப்பத்தை மறுத்தாலும் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சொல்லியிருக்கிறது. கடிதம் கேட்டீர்களா?

வடசென்னைக்காரன்:
கேட்டேன். "உள் கொள்கைப்படி" என்று ஒரு வரி வந்தது. கொள்கையாம்.

கடன்மேசை:
அதில் பின்கோடு என்று இருக்கிறதா?

வடசென்னைக்காரன்:
இல்லை என்று இருக்கிறதா?

கடன்மேசை:
முதலில் "கொஞ்ச நாள்", அப்புறம் நாற்பது. நாளைக்கு அறுபது ஆகும். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு போடுங்கள்.

வடசென்னைக்காரன்:
போன் சார்ஜில் இருக்கிறது. இரவு போடுகிறேன். அதற்குள் நீங்கள் அந்த டீ டம்ளரை எடுத்துவிட்டுப் பாருங்கள்.