மூன்று கிட்டாரில் எதை வைத்துக்கொள்ளலாம்?

அண்ணாமார், அக்காமார், கிட்டார் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்டவாக ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு மாறுகிறோம். அங்கே ஒரு கிட்டாருக்குத்தான் இடம் இருக்கும். என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றிலும் எனக்கு உயிர்.

யமஹா சி40 நைலோன் கம்பிக் கிட்டார், விரலுக்கு இதம். ஆனால் கழுத்து அகலம் என்பதால் பார் கோர்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவது) பிடிக்கக் கஷ்டம். அதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடலாம்.

மற்ற இரண்டில்தான் முடிவெடுக்க முடியவில்லை. யமஹா எஃப்ஜி800இன் மேல்பலகை சொலிட் ஸ்ப்ரூஸ், அதாவது ஒட்டுப்பலகை இல்லாத முழு மரம். ஜி கோர்டை ஒரு தட்டுத் தட்டினால் நெஞ்சுவரை அதிரும். டெய்லர் ஜிஎஸ் மினி மஹோகனிக்கு ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 23.5 அங்குலம்தான், கம்பி அவ்வளவு இறுக்கமாக இருக்காது. இரவில் அம்மா பாட, மெதுவாக வாசிக்கக் கை இதைத்தான் தேடும்.

கிட்டாருக்கு 45 முதல் 55 வீத ஈரப்பதம் நல்லது. கொழும்பிலோ பல நாட்களில் 75ஐத் தாண்டும். எஃப்ஜியில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக எழும்பியிருக்கிறது, கழுத்தின் 12ஆவது ஃபிரெட்டில் (குறுக்குக் கம்பியில்) கம்பி உயரம் 3 மில்லிமீற்றர். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலை உரசிக் குறைத்தால் போதுமா, அல்லது முதலில் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டுமா?

கடற்கரைப் பக்கம் சொலிட் டொப் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், கொழும்பில் நம்பிக் கொடுக்கக்கூடிய கிட்டார் திருத்துநர் யாரும் இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். மாத முடிவுக்குள் வீடு மாற வேண்டும்.