ஜாம்பியாவுக்கு அனுப்பிய டிராவல் மோட்டார் பொருந்தவில்லை. பழி என் மேல். என்ன செய்யலாம்?

ஒரகடத்தான்:

வணக்கம். கனரக இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், வெளிநாட்டு உதிரிபாக விற்பனையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் மூன்று வருடம் உள்நாட்டு சர்வீஸில் இருந்தேன். இயந்திரம் தெரியும். காகிதம்தான் இன்னும் கைக்கு வசப்படவில்லை.

ஜாம்பியாவில் கிட்வே நகரத்து டீலர் ஓர் அவசர ஆர்டர் அனுப்பினார். இருபது டன் எக்ஸ்கவேட்டர், நம் ஊர் வழக்கில் பொக்லைன், கல்குவாரியில் நின்றுவிட்டது. இடது பக்கச் சங்கிலியை ஓட்டி வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டார் முழுதாக வேண்டும் என்று பாக எண்ணோடு கேட்டிருந்தார். அந்த எண் நிறுத்தப்பட்டு வேறு எண் வந்துவிட்டதாக எங்கள் திரை காட்டியது. புதிய எண்ணைப் போட்டு விலை அனுப்பினேன். அன்றே ஒப்புதல் வந்தது. கிட்டத்தட்ட 290 கிலோ. சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக விமானத்தில் என்டோலா போய்ச் சேர்ந்தது. விமானக் கட்டணமே மோட்டார் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பதினொன்றாம் நாள் படம் வந்தது. போல்ட் துளைகள் பொருந்தவில்லை.

‘எண்ணை மாற்றியது நீங்கள், பணம் தரமாட்டேன்’ என்கிறார் டீலர். ‘சீரியல் எண் வாங்காமல் ஏன் அனுப்பினாய்? திங்கள்கிழமைக்குள் விளக்கக் கடிதம் கொடு. ஹைட்ராலிக் பாகத்தைத் திரும்ப எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை’ என்கிறார் மேலாளர். வண்டி இன்னும் நிற்கிறது. மோட்டாரைத் திரும்ப வரவழைக்கலாமா? இந்த நஷ்டம் யாருடையது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேர்ஸ்காரன்:

தம்பி, யார் தப்பு என்பதை நாளைக்குப் பார்ப்போம். அங்கே நிற்பது என்ன வண்டி என்று முதலில் தெரிய வேண்டும். பெயர்த் தகட்டின் புகைப்படம் இருக்கிறதா? தட்டச்சு செய்து அனுப்பும் எண்ணை நான் நம்புவதில்லை. பூஜ்யமும் ஓவும் இடம் மாறியே என் தலைமுடி நரைத்தது. இயந்திர அடையாள எண்ணுக்கான ஐஎஸ்ஓ 10261 முறைப்படி அதில் பதினேழு எழுத்துகள் இருக்க வேண்டும். எட்டு இலக்கம் வந்தால் அது எஞ்சின் எண்ணாகவோ மோட்டார் எண்ணாகவோ இருக்கலாம்.

அடுத்தது, எண் மாற்றம். பழையதற்குப் பதில் புதியது என்றால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. சில மாற்றங்களில் பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பதிலாகச் செல்லும், சிலவற்றில் ஒன்று மட்டுமே மற்றதற்குப் பதிலாகும். சிலவற்றுக்குக் கூடவே குழாயும் தட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். குறிப்பிட்ட சீரியல் எண்ணுக்கு மேல்தான் செல்லும் என்பதும் உண்டு. அது திரையில் கடைசிக் கட்டத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நீ அதைப் படித்தாயா?

ஒரகடத்தான்:

படிக்கவில்லை, ஐயா. இப்போது பார்த்தால் ‘சீரியல் வரம்பு பார்க்க’ என்று இருக்கிறது. சீரியல் எண் கேட்டதற்கு எட்டு இலக்கம்தான் வந்தது. எங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை.

என்டோலாவிலிருந்து:

கிட்வேக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறேன். வேறு கம்பெனியின் டீலரிடம் பன்னிரண்டு வருடமாக ஸ்பேர்ஸ் பார்க்கிறேன். உங்கள் பட்டியலில் அந்த எண் இல்லாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே குவாரிக்காரர்கள் வைத்திருப்பதில் பல வண்டிகள் ஜப்பானில் ஓடித் தேய்ந்து, தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் இறங்கி, துன்டுமா எல்லையைத் தாண்டி வந்தவை. பெயிண்டும் சின்னமும் ஒன்றாக இருக்கும். உள்ளே ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான அமைப்பு. பெயர்த் தகடு எப்போதோ காணாமல் போயிருக்கும். வண்டியின் சட்டகத்தில் அடித்துப் பொறித்த எண்ணைச் சேற்றைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரிலும் தனித் தகடு இருக்கும். நாப்டெஸ்கோ, கேஒய்பி மாதிரி மோட்டார் தயாரிப்பாளர்கள் பல கம்பெனிகளுக்குக் கொடுப்பதால் அந்தத் தகட்டு எண்தான் கடைசியில் காப்பாற்றும்.

டீலர் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் சுங்க வரி கட்டிவிட்டார், 16 சதவீத வாட் கட்டிவிட்டார், வாடிக்கையாளரிடம் முன்பணமும் வாங்கியிருப்பார். இப்போது அந்தக் குவாரி முதலாளி தினமும் காலையில் அவர் கடை வாசலில் வந்து நிற்பார். அவர் மின்னஞ்சலில் கத்துவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசுங்கள். அங்கே காலை 8 மணி என்றால் உங்களுக்கு 11.30. அவர் பட்டறைக்குள் இறங்குவதற்கு முன்பு பிடித்துவிட வேண்டும்.

ஹைட்ராலிக் பட்டறை:

எல்லோரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். மோட்டார் கெட்டுவிட்டது என்று சொன்னது யார்? என்ன அறிகுறி?

ஒரகடத்தான்:

இடது பக்கம் இழுவை இல்லை, சங்கிலியைச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் உள்பக்கத்தில் எண்ணெய் ஒழுகுகிறது. இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஹைட்ராலிக் பட்டறை:

மூன்று வருடம் சர்வீஸில் இருந்தேன் என்கிறீர்கள், குழாயை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லையே! வண்டியின் மேல் பகுதி சுழலும்போதும் எண்ணெயைக் கீழே கொண்டுபோக நடுவில் இருக்கும் சுழல் இணைப்பின் கீழ்ப் பக்கத்தில் இடது, வலது டிராவல் குழாய்களை மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். இடது பக்கமே இழுக்காமல் நின்றால் மோட்டார் கெட்டிருக்கிறது. கோளாறு வலது பக்கத்துக்குத் தாவினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். கோளாறு மேலே, சுழல் இணைப்பிலோ வால்விலோ பம்பிலோ இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் சுழல் இணைப்பின் சீல் மேல்தான். அது தேய்ந்தால் அழுத்தமுள்ள எண்ணெய் வடிகால் வழிக்குள் புகுந்துவிடும். மோட்டாரின் உறைக்குள் அழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீல் போகும். எண்ணெய் கியர்பாக்ஸில் நிரம்பி ஃப்ளோட்டிங் சீல் வழியாக வெளியே தள்ளும். அவர் பார்த்த ஒழுகல் அதுவாக இருந்தால், நீங்கள் அனுப்பிய மோட்டார் அச்சாகப் பொருந்தியிருந்தாலும் அதே கதிதான் அதற்கும்.

மீனம்பாக்கம் கார்கோ:

திரும்ப வரவழைப்பது பற்றி. முடியும், சுங்க விதிகளின்படி ஏற்றுமதியான பொருளை மூன்று வருடத்துக்குள் மறு இறக்குமதி செய்யலாம். போனது இதே மோட்டார்தான் என்று காட்ட வேண்டும், ஆகவே இன்வாய்ஸில் மோட்டாரின் சீரியல் எண்ணை எழுதியிருந்தீர்களா என்று பாருங்கள். டிராபேக், அதாவது ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைக்கும் வரி, வாங்கியிருந்தால் அதையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஒருமுறை மாட்டிக் கழற்றியிருந்தால் உள்ளே எண்ணெய் நிற்கும். முழுக்க வடித்துத் துளைகளை மூடாமல் விமான நிறுவனம் தொடாது. மரப்பெட்டியை அங்கே உடைத்திருப்பார்கள். 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடேற்றி முத்திரை குத்திய மரத்தில் புதுப் பெட்டி அடிக்க வேண்டும். இவ்வளவும் சேர்த்தால் பழைய இரும்புக்கு இரண்டாம் முறை டிக்கெட் எடுக்கிற கதை.

இன்னொன்று. நீங்கள் சிபிடி என்டோலா, அதாவது என்டோலா வரை விமானக் கட்டணம் சேர்த்து, என்று விலை கொடுத்திருப்பீர்கள். சிலர் அதைக் காட்டி ‘சென்னையில் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்தது’ என்று வாதாடுவார்கள். அது வழியில் உடைந்தால், தொலைந்தால் செல்லும். தவறான பாகத்துக்கு அந்த மூன்று எழுத்து பதில் சொல்லாது.

புதியவன்_ஹோசூர்:

வாரன்டியில் போட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லையே?

பழைய ஸ்பேர்ஸ்காரன்:

வேண்டாம் ஐயா. கெடாத பாகத்தைக் கெட்டது என்று எழுதினால் அடுத்த தணிக்கையில் வேலையே போகும்.

ஒரகடத்தான் தம்பிக்கு: என் கணக்கில் தவறு இரு பக்கமும் இருக்கிறது. குறிப்பைப் படிக்காதது நீ. சீரியல் எண் இல்லாமல் ஆர்டர் போட்டதும், புதிய எண்ணோடு போன விலைப்பட்டியலை ஒத்துக்கொண்டதும் அவர். ‘திரும்ப எடுப்பதில்லை’ என்ற விதி, வாடிக்கையாளர் தப்பாகக் கேட்டதற்காக எழுதப்பட்டது. நாமே எண்ணை மாற்றிய இடத்தில் அதை நீட்டினால் அடுத்த வருடம் அந்த டீலர் கள்ளப் பாகக் கடைக்குப் போவார். விளக்கக் கடிதத்தில் மன்னிப்பை நீட்டி முழக்காதே. எத்தனை மணிக்கு ஆர்டர் வந்தது, திரை என்ன காட்டியது, நீ என்ன கேட்டாய், என்ன கேட்கவில்லை: நேரவாரியாக ஒரு பக்கம். திரையின் படத்தையும் இணைத்துவிடு. அந்தச் சின்ன எழுத்து எவ்வளவு சின்னது என்று மேலாளரும் பார்க்கட்டும்.

என்டோலாவிலிருந்து:

அந்த மோட்டாரைக் கிட்வேயிலேயே வையுங்கள். கசும்பலேசா எல்லையைத் தாண்டினால் காங்கோவின் லுபும்பாஷி. அந்தப் பக்கச் சுரங்கங்களில் புது வண்டிகள் நிறைய. உங்கள் கம்பெனியின் வண்டி அங்கே எத்தனை இருக்கிறது என்று பட்டியல் எடுத்தால் மோட்டாருக்கு ஆள் கிடைக்கும்.

ஒரகடத்தான்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சட்டகத்து எண்ணின் படம் வந்தது. என்டோலா அண்ணன் சொன்னது சரி; ஜப்பான் சந்தைக்கான வண்டி, எங்களுடையதற்கு ஒரு தலைமுறை மூத்தது. குழாய்களை மாற்றிப் போட்டுக் காணொளி அனுப்பினார்கள். இடது பக்கம் ஓடியது. வலது பக்கம் நின்றது. அதைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்து எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். உள்நாட்டில் எந்த மெக்கானிக் அழைத்தாலும் முதலில் நான் கேட்கும் கேள்வி அது. பாக எண்ணோடு ஆர்டராக வந்ததால் கேட்கவே தோன்றவில்லை.

சுழல் இணைப்பு சீல் செட், ஷாஃப்ட் சீல், ஃப்ளோட்டிங் சீல் ஜோடி: எல்லாம் சேர்த்து ஒரு சிறு பெட்டி. கூரியரில் போனது. நேற்று முன்தினம் வண்டி ஓடிவிட்டது. லுபும்பாஷி டீலர் மோட்டாரை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அது விற்கும்வரை கிட்வேக்காரருக்குப் பணம் கட்ட அவகாசம் கொடுத்திருக்கிறோம். விமானக் கட்டணத்தில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சீரியல் எண் இல்லாமல் அவசர ஆர்டர் பதிவாகாதபடி திரையை மாற்றச் சொல்லி கணினிப் பிரிவுக்கு எழுதியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மிச்சம். பாதிக் கட்டணத்தைக் குறைத்து கிரெடிட் நோட் போட்டால், சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் தொகைக்கும் வங்கிக்கு வரும் பணத்துக்கும் இடிக்குமே?

மீனம்பாக்கம் கார்கோ:

இடிக்கும். பணம் வருவதற்கு முன்பே கிரெடிட் நோட்டின் நகல், டீலர் கடிதம், ஏர்வே பில் மூன்றையும் வங்கியில் கொடுத்துத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பார்க்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் அந்த ஷிப்பிங் பில் திறந்தே கிடக்கும். அதை மூட வழி கேட்டு இங்கே வேறு ஓர் இழை போட வேண்டியிருக்கும்.