குரோட்டன்ஸ் மொட்டையாகிறது, அவசர உதவி தேவை

ஈரக்கை
வணக்கம். ஆசைப்பட்டு குரோட்டன்ஸ் செடி ஒன்று வாங்கி வந்தேன். வந்தபோது சிவப்பும் மஞ்சளுமாக, ஆரஞ்சு நரம்போடி, பார்க்கவே அப்படி இருந்தது. இப்போது தினமும் நாலைந்து இலை விழுகிறது. காலையில் கதவைத் திறந்தால் தொட்டியைச் சுற்றிக் கிடக்கிறது. தொட்டாலே காம்போடு கையில் வருகிறது. உரம் போட்டும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், இப்படியே போனால் அடுத்த வாரம் குச்சிதான் மிஞ்சும்.

மண்புழு
கொஞ்சம் விவரம் வேண்டும். வாங்கி எத்தனை நாள் ஆயிற்று? வெயில் எவ்வளவு நேரம் படுகிறது? தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை? விழுவது அடி இலையா, நுனி இலையா? என்ன உரம், எவ்வளவு? படம் இருந்தால் போடுங்கள்.

நுண்கண்
சந்தேகமே வேண்டாம், சிலந்திப்பேன். குரோட்டன்ஸுக்கு முதல் எதிரி அதுதான். இலையைத் திருப்பிப் பாருங்கள், காம்பு சேரும் இடத்தில் மெல்லிய நூலாம்படை மாதிரி தெரியும். தெரியாவிட்டால், வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு இலையை இரண்டு தட்டு தட்டுங்கள். மிளகுத்தூள் போல விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுவேதான். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

உப்புச்சீமான்
எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். என்னிடம் எல்லாச் செடிக்கும் இதுதான் மருந்து.

மண்புழு
எப்சம் உப்பு மக்னீசியக் குறைக்குத்தான். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்கும், இடையில் மஞ்சளிக்கும். இவர் சொல்வது இலை உதிர்வு. ஏற்கெனவே உரம் வேறு போட்டிருக்கிறார். அதன் மேல் இன்னொரு உப்பா?

உப்புச்சீமான்
போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? நான் பலன் கண்டவன்.

பழையவேர்
இதே கேள்விக்கு இதுவரை எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு நிமிடம் பழைய பதிவுகளைத் தேடிப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. குரோட்டன்ஸை இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலை உதிர்க்கும், இது ஆரம்பப் பாடம். நர்சரியில் நிழல்வலையின் கீழே, ஈரக்காற்றில் வளர்ந்த செடி அது. வீட்டுக்கு வந்ததும் வெளிச்சமும் காற்றும் ஒரே நாளில் மாறிவிட்டன. ஒரு மாதம் சும்மா இருங்கள். சும்மா இருப்பதும் தோட்ட வேலைதான், அது பலருக்கு வருவதில்லை.

ஈரக்கை
ஐயா, தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். எல்லாமே வேறு வேறாகச் சொல்கிறது.
தொட்டிச் செடி. வெயில் வருகிறது. தண்ணீர் சரியாக ஊற்றுகிறேன். தாள் சோதனை செய்தேன், தூசிதான் விழுந்தது, எதுவும் நகரவில்லை.

மண்புழு
"சரியாக" என்றால்?

தோட்டக்கால்
வெயில் "வருகிறது" என்றால் செடி மேலா, வாசலிலா?

ஈரக்கை
தினமும் காலையில் ஒரு சொம்பு. செடி போர்ட்டிகோவில் இருக்கிறது, வெயில் எதிரே தரையில் நன்றாக விழும். தோட்டத்தில் மதில் ஓரம் வைக்கத்தான் வாங்கினேன். கொஞ்சம் பெரிதானதும் மாற்றலாம் என்று இருந்தேன். வாங்கி ஒரு மாதம் இருக்கும்.

தோட்டக்கால்
அப்படியானால் வெயில் செடிக்கு வரவில்லை, உங்களுக்கு வருகிறது :)
எங்கள் தோட்டத்தில் வேலியாகவே வைத்திருக்கிறோம். விட்டுவிட்டால் ஆள் உயரம் தாண்டிவிடும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். நான் கண்டது இதுதான்: நிறம் முழுக்க வெளிச்சத்தின் விஷயம். வேலியின் ஒரு முனை மரநிழலில் இருக்கிறது. அங்கே அதே செடி, அதே வயது, ஆனால் இலை வெறும் பச்சை, ஓரத்தில் மட்டும் மஞ்சள் பொட்டு. வெயில் படும் முனையில் இலை சிவந்து கறுத்து மினுங்குகிறது. இரண்டும் ஒரே தாய்ச்செடியில் வெட்டிய போத்துகள். அதற்காக நிழலில் இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள், இலை வெளிறித் திட்டுத்திட்டாகக் கருகும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு என்று பத்துப் பதினைந்து நாளில் பழக்குங்கள்.

சொல்வேட்டை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் "குரோட்டன்ஸ்" என்று எழுதுகிறீர்கள். ஒரு செடிக்கு எதற்குப் பன்மை? தவிர இது குரோட்டனே இல்லை. தாவரவியலில் குரோட்டன் என்பது வேறு பேரினம். பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம்தான் அசல் குரோட்டன். நீங்கள் வளர்ப்பது கோடியேயம்.

பழையவேர்
பெயர் மாற்றினால் இலை நிற்குமா?

சொல்வேட்டை
நிற்காது. ஆனால் தேடும்போது தப்பான செடியின் தகவல் வந்து நிற்கும். இவரே சொன்னார், எல்லாம் வேறு வேறாக வருகிறது என்று.

தோட்டக்கால்
இதைக் குரோட்டன் என்று முதலில் எழுதியவர் லின்னேயஸ்தானே? 1753இல் அவரே இதைக் குரோட்டன் பேரினத்தில்தான் சேர்த்தார். பிறகுதான் பிரித்தார்கள். ஊர் மட்டும் பழைய பெயரை விடவில்லை. லின்னேயஸ் செய்த தப்பை நாங்கள் செய்தால் குற்றமா?

சொல்வேட்டை
குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஆமணக்குக் குடும்பம்தான். கிரேக்கத்தில் குரோட்டன் என்றால் உண்ணி. விதை உண்ணி போல இருப்பதால் வந்த பெயர். ஆமணக்கு விதையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இலைப்பித்து
அடடா, ரப்பர், மரவள்ளி எல்லாம் இதே குடும்பம்தான் இல்லையா? அதனால்தான் போத்து வெட்டும்போது பால் வடிகிறது. என் கையில் ஒரு தடவை பட்டு இரண்டு நாள் அரித்தது. துணியில் பட்டால் கறையும் போகாது.

நுண்கண்
வீட்டில் நாய், பூனை, சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் வயிற்றைப் புரட்டும்.

இலைப்பித்து
அப்படிப் பார்த்தால் தோட்டத்தில் பாதிச் செடியை எடுத்துவிட வேண்டும். அரளி இல்லாத தோட்டம் உண்டா?

நுண்கண்
அரளி இருக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் தரையில் வைக்கலாம் என்பது என்ன நியாயம்?

மண்புழு
நாய், பூனைக்குத் தனி இழை போடுங்களேன். ஈரக்கை, இருக்கிறீர்களா? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமா, காய்ந்திருக்கிறதா? தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா?

ஈரக்கை
மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஓட்டை உண்டு, நர்சரியில் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே நாலு ஓட்டை. அதைத்தான் வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன்.

மண்புழு
பீங்கான் தொட்டியில் ஓட்டை?

ஈரக்கை
அதில் எதற்கு? தரையெல்லாம் நனையுமே.

தோட்டக்கால்
அகப்பட்டது.

மண்புழு
உள் தொட்டியைத் தூக்கிவிட்டு பீங்கானுக்குள் எட்டிப் பாருங்கள். இப்போதே.

ஈரக்கை
அரை சாண் தண்ணீர். பழுப்பு நிறம். சாக்கடை வாடை. கொசுப்புழு நெளிகிறது. ஒரு மாதமாக எனக்குத் தெரியவே தெரியாது.

பழையவேர்
நான் சொன்ன இடமாற்றமும் ஒரு காரணம்தான்.

மண்புழு
இருக்கலாம். முதல் வாரத்து உதிர்வு அதுவாக இருக்கும். ஒரு மாதம் கழித்தும் நிற்காமல் விழுவதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். வேர் மூச்சு விட முடியாமல் அழுகினால் செடிக்குத் தண்ணீர் ஏறாது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் தொங்கும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். நானும் இப்படித்தான் ஒன்றைக் கொன்றேன், அதனால் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து, செடியை மண்ணோடு உருவுங்கள். வேரைப் பாருங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் தோல் மட்டும் உறைபோலக் கழன்று உள்ளே நூல் நின்றால் செத்த வேர். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். பால் வடியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் அடியில் பச்சை தெரிகிறதா என்றும் பாருங்கள். பச்சை இருந்தால் இலை முழுக்கக் கொட்டினாலும் பயப்பட வேண்டாம்.

மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் மண் நாள்கணக்கில் காயாது. மண் கலவையில் தண்ணீர் தேங்கக் கூடாது, மணலோ கரித்துண்டோ கலந்துகொள்ளுங்கள். உரம் துளிர் வரும் வரை வேண்டவே வேண்டாம். விரலுக்கு ஈரம் படாதபோது மட்டும் தண்ணீர், ஓட்டை வழியாக வெளியேறும் அளவு ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள், அடிக்கடி நகர்த்தாதீர்கள். குளிர்காற்றும் ஆகாது, இது வெப்பமண்டலச் செடி. இரவில் 13 டிகிரிக்குக் கீழே போகும் இடமென்றால் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

உப்புச்சீமான்
துளிர் வந்த பிறகு எப்சம் உப்பு கொடுக்கலாம்தானே?

மண்புழு
கொடுக்கலாம், அண்ணா. உங்களுக்காக ஒரு சிட்டிகை.

இலைப்பித்து
ஒரு காப்பீடு சொல்கிறேன். நுனியில் நல்லதாக ஒரு கிளை இருந்தால் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குப் போத்து வெட்டி, பால் வடிவது நிற்கும் வரை தண்ணீரில் நிறுத்துங்கள். மேலே இரண்டு மூன்று இலையை விட்டு, மற்றதைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். மேலே கண்ணாடிப் பையைக் கவிழ்த்தால் ஈரம் நிற்கும். தாய்ச்செடி போனாலும் இது தங்கும். தாயின் நிறமும் அப்படியே வரும். விதை போட்டால் அந்த உத்தரவாதம் இல்லை.

சொல்வேட்டை
போத்து என்பது நல்ல சொல். "கட்டிங்" என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி.

பழையவேர்
மறுபடியுமா.

நிழல்வலை
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் என் செடி தரையில் இருக்கிறது. என்ன செய்வது?

மண்புழு
தனி இழை போடுங்கள். வெயில், தண்ணீர், வயது மூன்றையும் எழுதுங்கள்.

தோட்டக்கால்
ஈரக்கை, செடி எப்படி இருக்கிறது? மூன்று வாரமாகச் சத்தத்தையே காணோம்.

பழையவேர்
வேலை முடிந்ததும் காணாமல் போவதுதானே இங்கே வழக்கம்.

ஈரக்கை
மன்னிக்கவும், ஊரில் இல்லை. வேரில் பாதி போய்விட்டது, மீதி வெட்டி மண் தொட்டியில் வைத்தேன். ஏழு இலைதான் மிச்சம். ஆனால் கொட்டுவது நின்றுவிட்டது. நேற்று நுனியில் இரண்டு துளிர். இரண்டும் பச்சை. சிவப்பு வரவே இல்லை, அது சாதாரணமா? செடியை மதில் ஓரம் மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தோட்டக்கால்
துளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோதான் வரும், முதிர முதிரச் சிவக்கும். அவசரப்படாதீர்கள்.

மண்புழு
மதிலுக்கு எந்தப் பக்கம்? காலை வெயிலா, மாலை வெயிலா?