தலாமஸுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பள்ளத்தூர், அறிவியல் ஆசிரியை:
குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிச் சுவரில் மூளைப் படம் வரைந்தாயிற்று. எழுத்து வேலைக்கு ஓவியர் வெள்ளிக்கிழமை வருகிறார். யோசனை, நினைவு, பேச்சு எல்லாம் பெருமூளை. தள்ளாடாமல் நடக்கச் சிறுமூளை. மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் முகுளம். இவை பிள்ளைகளுக்கே தெரியும். இடிக்கிறது மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸும் அதன் கீழே இருக்கிற ஹைப்போதலாமஸும்தான். பாடநூலிலும் அப்படியே இருக்கின்றன. தமிழிலும் ஒரு பெயர் எழுதலாமே என்கிறார் தலைமையாசிரியர். ஒரு சாண் இடம்தான் இருக்கிறது, சின்னச் சொல்லாகச் சொல்லுங்கள்.

காரைக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: அகவறை. கிரேக்கத்தில் தலமோஸ் என்றால் வீட்டின் உள்ளறை, குறிப்பாக மணமக்கள் அறை. அகம், அறை இரண்டும் சேரும்போது மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து அகவறை. அதன் கீழே இருப்பது கீழகவறை. அகம் என்பது உள், வீடு, மனம் மூன்றையும் குறிக்கும். மூளைக்கு இதைவிடப் பொருத்தம் எது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலமோஸ் நம் 'தலம்' என்பதோடு உறவுடையது என்றே நினைக்கிறேன். தலம், தளம், தலை மூன்றையும் அடுக்கிப் பாருங்கள், புரியும். அப்புறம், முகுளம் வடசொல். மொட்டு என்று மாற்றிவிடுங்கள்.

மதுரை, மருத்துவர் (சொந்த ஊர் கானாடுகாத்தான்):
ஐயா, 'தலம்' ஆராய்ச்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமை வந்துவிடும். முகுளத்தில் கை வைக்காதீர்கள், அது ஊன்றிவிட்ட சொல். 'அறை'தான் எனக்கு இடிக்கிறது. மூளைக்குள் நீர் நிற்கிற குழிகளை ஏற்கெனவே மூளையறை என்கிறோம். இடது, வலது தலாமஸ்களுக்கு நடுவில் இருப்பதே மூன்றாம் மூளையறை. அறைக்கு இரண்டு பக்கமும் அகவறை என்றால் மாணவன் என்ன செய்வான்? தலாமஸில் குழியும் கிடையாது, முட்டை வடிவில் கெட்டியான சாம்பல்நிறத் திசு. கீழகவறை என்று வேகமாகச் சொன்னால் இதயத்தின் கீழறை மாதிரிக் காதில் விழும்.

வேலையை வைத்துப் பெயரிடலாம். கண், காது, தோல், நாக்கு எதிலிருந்து செய்தி வந்தாலும் தலாமஸில் இறங்கித்தான் பெருமூளையின் மேலடுக்கான புறணிக்கு ஏறும். புலன்வாயில் என்றால் என்ன?

காரைக்குடி:
டாக்டர் தம்பி, பொறிவாயில் ஐந்து என்று வள்ளுவர் சொன்னது கண், காது, மூக்கு முதலியவற்றை. வாயில் வெளியே இருப்பது. நீங்கள் அதை வீட்டு நடுவில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அகத்திணையில் பாணனும் தோழியும் வாயில் ஆவார்கள், தூது போகிறவர்கள் என்ற பொருளில். அந்தப் பொருளில் வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அகத்திணையை யார் விளக்குவது?

தேவகோட்டை ஆச்சி:
நான் ஒன்று சொல்லட்டுமா? மகனுக்குக் கல்யாணம் ஆனால் வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டி ஒரு வீடு ஒதுக்கிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அறையைத்தான் வீடு என்போம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேராக 'உள்வீடு' இருக்கிறதே! சின்னச் சொல், சுவரில் அடங்கும்.

சிங்கப்பூர், கணினித் துறை (அப்பச்சி ஊர் கோட்டையூர்):
ஆச்சி, திருநெல்வேலிப் பிள்ளைக்கு உள்வீடு என்றால் வாடகைக்கு விட்ட பின்கட்டு என்றுதான் தோன்றும். தேர்வில் தலாமஸ் என்றுதான் கேட்கிறார்கள். பேசாமல் அதையே எழுதுங்கள்.

காரைக்குடி:
எழுதுங்கள், ஆனால் தலாமசு என்று எழுதுங்கள். வல்லின மெய் சொல்லின் கடைசியில் வராது.

சிங்கப்பூர்:
ஐயா, வடவெழுத்தை விலக்கச் சொன்ன தொல்காப்பியர் கிரேக்க எழுத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையே. தலாமசு என்றால் பிள்ளைகள் கொலுசு, தினுசு வரிசையில் வைத்துவிடுவார்கள்.

மதுரை:
நடுவில் ஒரு சேதி. முகுளத்தின் இலத்தீன் பெயர் மெடுல்லா. பொருள் எலும்பு மச்சை. சித்த மருத்துவத்தின் ஏழு தாதுக்களில் எலும்புக்கு அடுத்து வருகிற 'மூளை'யும் மச்சைதான். தலைக்குள் இருப்பதற்கும் நல்லியெலும்புக்குள் இருப்பதற்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் நாம். ஐயா இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதுவார்.

ஆச்சிக்கு ஒரு தகவல்: மூக்குச் செய்தி மட்டும் விதிவிலக்கு. வாசனை தலாமஸில் இறங்காமலே நேரே புறணிக்குப் போய்விடும்.

தேவகோட்டை ஆச்சி:
போகாதா பின்னே? மூன்றாங்கட்டில் தாளித்தால் முகப்பில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யாரைக் கேட்டு வாசனை போகிறது?

பள்ளத்தூர்:
இன்று வியாழன். பெரியவர்கள் தயவுசெய்து ஒன்றில் நில்லுங்கள்.

மதுரை:
சரி, அறையும் வேண்டாம், வீடும் வேண்டாம். புலன்கூடம். ஹைப்போதலாமஸுக்குக் கீழ்க்கூடம். சந்தி சிக்கலில்லை. பசி, தாகம், உடம்புச் சூடு, பிட்யூட்டரிச் சுரப்பி எல்லாவற்றையும் மேய்க்கிற இடம், நாலு கிராம்தான் இருக்கும். அதற்கு இந்தப் பெயர் தாங்கும்.

சிங்கப்பூர்:
சரி, மேலே தலாமஸ் இருக்கட்டும், கீழே சின்ன எழுத்தில் புலன்கூடம்.

தேவகோட்டை ஆச்சி:
எனக்குச் சம்மதமில்லை, ஆனால் ஓவியரைக் காக்க வைக்காதீர்கள். கூடம் என்றால் எல்லோரும் வந்து உட்காருகிற இடம். இங்கே செய்தி உட்காருவதே இல்லையே, வந்ததும் ஏறிவிடுகிறதென்று டாக்டர்தானே சொன்னார்?

காரைக்குடி:
ஆச்சி சொல்வதில் நியாயம் உண்டு. இன்னும் அகவறையே சரி என்பேன். கூடம் வடமொழித் தொடர்புடையதா என்றும் பார்க்க வேண்டும். இரவு அகராதியைப் புரட்டிவிட்டு எழுதுகிறேன்.

பள்ளத்தூர்:
ஐயா, புலன்கூடம் என்று ஓவியரிடம் சொல்லிவிட்டேன். அடுத்து மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகேம்பஸுக்குக் கோடு இழுத்து வைத்திருக்கிறார். கிரேக்கத்தில் அது கடற்குதிரை என்று எனக்கே தெரியும், யாரும் எழுத வேண்டாம்.