எத்தனை கிராம் மணல் போதும்?

முல்லைத்தீவில் கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மணல் மாதிரி எடுக்கும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். மாரி முடிந்த கையோடு உறவுக்காரத் தம்பி ஒருவர் பால்மாப் பேணி நிறையக் கறுப்பு மணலைக் கொண்டுவந்து, “அண்ணை, இதில இல்மனைற் எத்தனை வீதம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ” என்றார். அளவில் குறையே இல்லை, இல்மனைற் என்ற கறுப்புத் தைத்தேனியக் கனிமத்தின் 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணிகள் ஒரு கிராமுக்குள்ளேயே ஏறத்தாழ 50,000 அடங்கிவிடும்.

எடுத்த இடம்தான் சிக்கல். வாடைக்காற்றுக் காலத்து அலைகள் அடர்த்தி 2.65 மட்டுமேயான குவாட்ஸ் மணலை அள்ளிக்கொண்டு போக, 4.7 அளவு அடர்த்தியுள்ள இல்மனைற் கரையிலேயே கறுப்புப் பட்டையாகப் படிந்துவிடும். அந்தப் பட்டையை மட்டும் வழித்தால், உழவு இயந்திரப் பெட்டி நிறைய எடுத்தாலும் கிடைக்கும் வீதம் பட்டைக்கு உரியதே, கரைக்கு உரியதன்று. ஆகவே நீர் விளிம்பிலிருந்து மணல்மேடு வரை சம இடைவெளிகளில் எஸ்லோன் (பிளாஸ்ரிக்) குழாயை ஆழமாக இறக்கி, சிறுசிறு கூறுகளாகப் பல எடுத்துக் கலக்கிறோம்.

கலந்ததைக் குவிக்கும்போதும் கவனம் வேண்டும். உலர்ந்த மணலைக் கடதாசியில் கொட்டிப் பாருங்கள்: கனமான பொடிமணிகள் நடுவில் தங்க, பருத்த வெள்ளை மணிகள் சரிந்து விளிம்புக்கு ஓடும். ஓரத்தில் கரண்டியால் அள்ளுபவருக்குக் கறுப்பு குறைந்தே தெரியும். குவியலைத் தட்டையாக்கி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைச் சேர்த்து எடுப்பதே முறை.

மொனசைற் போன்ற அரிய கனிமம் என்றால் கணக்கு மாறும். நுணுக்குக்காட்டியில் 300 மணிகளை எண்ணும்போது 1 வீதக் கனிமம் சராசரியாக 3 மணிகளே அகப்படும். அதில் ஒன்றிரண்டு கூடிக் குறைவது தற்செயல். பிழையை 10 வீதத்துக்குள் அடக்க வேண்டுமானால் அக்கனிமத்தில் 100 மணிகளாவது வேண்டும், அதாவது 10,000 மணிகளை எண்ண வேண்டும். பொறுமையுள்ளவருக்கும் அது கண்ணெரிச்சல்தான்.

பாறைத் தாது வேறு கதை. பிரான்சைச் சேர்ந்த பியர் கீ வகுத்த கோட்பாட்டின்படி, மாதிரிப் பிழையின் மாறற்றிறன் (முடிவுகள் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) மிகப் பெரிய துண்டின் விட்டத்தின் மூன்றாம் படிக்கு நேர் விகிதத்திலும், மாதிரியின் நிறைக்கு நேர்மாறு விகிதத்திலும் அமையும். மற்றவை மாறாதிருந்தால், 1 மில்லிமீற்றர் பொடியில் 100 கிராம் போதுமான இடத்தில், 10 மில்லிமீற்றர் துண்டுகளுக்கு 100 கிலோகிராம் தேவைப்படும். அதனால்தான் கல்லை முழுமையாக நொறுக்கிய பிறகே ஆய்வுகூடத்துக்கான சிறு பங்கைப் பிரிக்கிறோம்.