பொருள்: எரிகுழம்பு மேட்டுநிலக் களிமண்ணின் அடியில் உள்ள கெட்டித் தளத்துக்குச் சொல் வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பவர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேய்ச்சல் நில மேலாண்மை பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நான்காம் இயலை ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லால் மூன்று நாட்களாக வேலை நின்றுபோயிருக்கிறது. அமெரிக்காவின் மேற்கே எரிமலைக் குழம்பு பரவி உறைந்த மேட்டுநிலங்களைப் பற்றிய இயல் அது: கலிபோர்னியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மோடாக் மேட்டுநிலமும், ஐடஹோ, ஆரிகன், நெவாடா மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உள்ள ஒவைஹீ மேட்டுநிலமும் அதில் வருகின்றன. அங்கே ஒரு மண்வகை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. மேலே கல் விரவிய மெல்லிய மேல்மண். அதன்கீழ்ப் பிசுபிசுப்பான களி. களிக்குக் கீழே கடப்பாறையும் எளிதில் இறங்காத ஒரு தளம். அதற்கும் கீழே எரிகுழம்பு உறைந்த கரும்பாறை. அந்தத் தளத்தை ‘ஹார்ட்பேன்’ என்கிறார்கள்.

இதுவரை ‘கடினத் தட்டு’ என்று எழுதி வந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘சாப்பாட்டுத் தட்டா?’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். நிலவரைபடத்தின் குறிவிளக்கப் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதால் நீண்ட விளக்கத்துக்கு இடமில்லை. உதவுங்கள்.

மடல் 2: மண்ணியல் கற்பிப்பவர்

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் விவரித்த மண்ணில் அடுத்தடுத்து இரண்டு தடைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே சொல்லால் குறித்தால் இயல் முழுவதும் குழம்பிவிடும். முதலாவது, களி திரண்டு நெருங்கிய அடுக்கு. மேல்மண்ணிலிருந்து அதற்குள் போகும்போது களியின் அளவு திடீரென்று கூடுகிறது. அது ஈரத்தில் வீங்கி நீரை இறங்கவிடாது. காய்ந்தால் இறுகி வெடிக்கும். ஆனால் அதை எதுவும் ஒட்டிப் பிணைக்கவில்லை. இரண்டாவது, உண்மையிலேயே ஒரு பொருளால் பிணைக்கப்பட்டுக் கல்லாகிப்போன அடுக்கு. எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் மற்றக் கனிமங்களைவிட விரைவாகச் சிதைந்து சிலிக்காவை வெளிவிடும். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் இறங்கும் நீர் அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். கோடையில் நீர் வற்றும்போது சிலிக்கா மண்துகள்களுக்கு இடையே படிந்து அவற்றைப் பிணைக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் கடப்பாறை இறங்காத தளம் உண்டாகும். இந்த வகைக்கு மண்ணியலில் ‘டூரிபேன்’ என்று பெயர். கடினம் என்னும் பொருளுடைய லத்தீன் அடியிலிருந்து வந்தது.

இரண்டையும் பிரித்தறியக் களத்தில் எளிய வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை ஒரு மணி நேரம் நீரில் மூழ்க விடுங்கள். களியடுக்கின் கட்டி குழைந்து உதிரும். பிணைந்த தளத்தின் கட்டி அப்படியே கிடக்கும்.

‘ஆழம் குறைந்த’ என்பதும் அங்கே பொதுவான அடைமொழி அன்று. அமெரிக்க வகைப்பாட்டில் வேரைத் தடுக்கும் அடுக்கு 25 முதல் 50 செ.மீ.க்குள் வந்தால்தான் அப்பெயர், 25 செ.மீ.க்கும் குறைந்தால் ‘மிக ஆழம் குறைந்த’ என்று மாறும். ஆகவே ‘மேலோட்டமான மண்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மடல் 3: இலக்கணம் கற்பிப்பவர்

பொருள் தெளிவாகிவிட்டது என்பதால் சொல்லுக்கு வருகிறேன். ‘கடினம்’ வடசொல், நமக்கு ‘வன்மை’ இருக்கும்போது அது எதற்கு? வன்மை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டு ‘வன்’ என நின்று ‘தட்டு’ என்பதோடு புணரும்போது, னகரத்தின் முன் வரும் தகரம் றகரமாகும். எனவே முறையான வடிவம் ‘வன்றட்டு’. ‘வன்றொண்டர்’ என்பதையும், பழைய இலக்கண உரைகளில் உள்ள ‘வன்றொடர்க் குற்றியலுகரம்’ என்பதையும் நினைவில் கொள்க. களியடுக்குக்குக் ‘களித்தட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் புணர்ச்சிச் சிக்கல் இல்லை.

மடல் 4: வகுப்பாசிரியர்

ஐயா சொல்லும் விதியில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் இன்றைய பாடநூல்களே ‘வன்தொடர்’ என்று பிரித்தெழுதத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் குற்றியலுகரம் குறைந்துபோய்விடவில்லை. ‘வன்றட்டு’ என்று அச்சிட்டால் என் மாணவர் பாதிப் பேர் அதை ‘வறட்டு’ என்று படிப்பார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தைப் பற்றிய பாடத்தில் அந்தப் பிழை யாருக்கும் பிழையாகவே தோன்றாது என்பதுதான் ஆபத்து. ‘வன்தட்டு’ என்று எழுதுவோம்.

இன்னொருவர் தனிமடலில் ‘அடித்தட்டு’ என்று பரிந்துரைத்திருந்தார். ‘அடித்தட்டு மக்கள்’ என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு அது மண்ணாகத் தெரியாது.

மடல் 5: சொற்பிறப்பு ஆர்வலர்

அனைவரும் ‘தட்டு’ என்பதைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று விளங்கவில்லை. ஆங்கிலத்தில் சட்டியைக் குறிக்கும் சொல் பின்னொட்டாக நிற்பதால்தானே நாமும் ஏனத்தைத் தேடிப் போகிறோம்? நமக்குச் சொந்தமான சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துக்கிடக்கிறது: ‘பார்’. உலகம் என்னும் பொருளில் மட்டுமே இதை இன்று அறிவோம். ஆனால் புறநானூற்றின் 14ஆம் பாட்டில் ‘பாருடைத்த குண்டகழி’ என்று கபிலர் பாடும்போது, உடைத்தால்தான் அகழி ஆழமாகும் அளவுக்கு வன்மையான நிலத்தையே ‘பார்’ என்கிறார். வெறும் மண்ணைத் தோண்டுவோம், யாரும் உடைப்பதில்லை. ‘பாறை’ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு. இன்னும் ஒரு படி போனால், பரவுதலைக் குறிக்கும் ‘பர’ என்னும் அடியும் இதனோடு உறவுடையதாக இருக்கலாம். தளமாகப் பரவிக் கிடப்பது பார், அது பாளம் பாளமாகப் பெயர்வது பாறை. ‘பாளம்’ என்பதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க எனக்கு ஆசைதான். லகர ளகர ரகர மாற்றம் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

பரிந்துரை: பிணைந்த தளத்துக்கு ‘மண்பார்’, களியடுக்குக்குக் ‘களிப்பார்’.

மடல் 6: வகுப்பாசிரியர்

‘களிப்பார்’ என்பதைப் படர்க்கை வினைமுற்று என்று எடுத்துக்கொண்டால் ‘மகிழ்வார்’ என்று பொருள். வரைபடக் குறிவிளக்கத்தில் யார், எதற்காக மகிழ்வார் என்று மாணவர் கேட்பார்கள். ‘மண்பார்’ என்பதோ மண்ணைப் பார் என்று ஏவும். அந்த ஏவலை மட்டும் நான் மனமார ஏற்கிறேன்.

மடல் 7: கட்டடக் கலைச்சொல் தொகுப்பவர்

பிணைப்பு என்பதுதான் இந்தத் தளத்தின் உயிர்நாடி என்று மண்ணியல் ஆசிரியர் சொல்கிறார். அப்படியானால் வன்மையைச் சொல்லும் சொல் போதாது. பாறையும் வன்மையானது, காய்ந்த களியும் வன்மையானது. துகள்களை ஒட்டித் தளமாக்கும் கலவைக்குத் தமிழில் ‘காரை’ என்று பெயர். ‘காரைத்தளம்’ என்றால் உண்டான விதமும் தோற்றமும் ஒருசேர விளங்கும். எழுதவும் எளிது, புணர்ச்சியிலும் வம்பில்லை, எந்த அகராதியிலும் கிடைக்கும்.

மடல் 8: மண்ணியல் கற்பிப்பவர்

‘காரைத்தளம்’ அழகான சொல் என்பதால்தான் அஞ்சுகிறேன். காரை என்றால் சுண்ணாம்பு. மண்ணுக்கடியில் சுண்ணாம்பு பிணைத்த தளமும் உண்டு. அது வேறு வகை. இரண்டையும் பிரிக்கும் சோதனையே அமிலம்தான். சுண்ணாம்புத் தளம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துக் கரைந்துபோகும். சிலிக்காத் தளத்தை அதே அமிலத்தில் எவ்வளவு நேரம் ஊறவிட்டாலும் பாதிக்கு மேல் உதிராது; அடர்ந்த காரக் கரைசலில் இட்டால்தான் நெகிழும். ‘சுக்கான்’ என்று ஒருவர் பரிந்துரைக்கக்கூடும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே சொல்கிறேன்: அதுவும் சுண்ணாம்புதான், அதே மறுப்புதான்.

‘கரிசல்’ என்னும் சொல்லையும் சிலர் தனிமடலில் எழுதியிருந்தார்கள். கரும்பாறை சிதைந்து உண்டாவதும், ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் வெடிப்பதும் பொதுவானவை என்பது உண்மை. ஆனால் கரிசல் என்றதும் நம் மனத்தில் எழுவது ஆழமான உழவு மண். இதுவோ ஏர் காணாத, முழங்கால் அளவு ஆழம்கூட இல்லாத மேய்ச்சல் மண்.

பெயர் எதுவாயினும் அந்தத் தளம் என்ன செய்கிறது என்பதை இயலில் விரிவாக எழுதுங்கள். பனி உருகும் காலத்தில் நீர் கீழே போக வழியின்றிக் களியின்மேல் தேங்கி, வேருக்குக் காற்றில்லாமல் செய்கிறது. கோடை வந்ததும் அதே மண்ணில் சேமித்த நீர் மிகக் குறைவு என்பதால் செடி தாகத்தில் நிற்கிறது. ஆழமான, நீர் வடியும் மண்ணில் வளரும் உயரமான சேஜ்புதர் இங்கே தாக்குப்பிடிப்பதில்லை; குட்டைச் சேஜ்புதரும் சாண்ட்பர்க் புல்லும்தான் நிற்கும். புதரின் உயரம் மாறும் கோட்டைத் தொலைவிலிருந்து பார்த்தே, மண் எங்கே ஆழம் குறைகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஈரமான காலத்தில் மாடுகளை விட்டால் குளம்புகள் களியில் பதிந்து மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். புல்லும் வேரோடு பெயரும். மண் உறுதிப்படும்வரை காத்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ‘வன்தட்டு’ என்று மட்டும் படிக்கும் ஒருவர் அதை எப்போதும் உறுதியான நிலம் என்று நினைத்து, இளவேனிலில் மந்தையை ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தால் அது நம் பிழை. ஆகவே களித்தட்டை விட்டுவிட்டு வன்தட்டை மட்டும் தலைப்பில் வைக்காதீர்கள்.

மடல் 9: இலக்கணம் கற்பிப்பவர்

‘சேஜ்புதர்’ என்று எழுதும் கைக்கு ‘வன்றட்டு’ கடுமையாகத் தோன்றுவது எனக்கு வியப்பளிக்கிறது. அந்தச் செடி நம் மாசிபத்திரியின் பேரினத்தைச் சேர்ந்தது அல்லவா? ‘குட்டை மாசிபத்திரி’ என்றால் என்ன குறைந்துவிடும்? வடசொல்லை எடுக்கும்போதுகூட ‘வடவெழுத்து ஒரீஇ’ எடுக்கச் சொன்ன மரபு நம்முடையது.

மடல் 10: மண்ணியல் கற்பிப்பவர்

பேரினம் ஒன்றுதான். ஆனால் ‘பத்திரி’ எந்த மொழிச் சொல் என்று ஐயாவிடமே விட்டுவிடுகிறேன்.

மடல் 11: சொற்பிறப்பு ஆர்வலர்

ஒரு சிறு திருத்தம். ‘ஒவைஹீ’ என்பது உள்ளூர்ப் பழங்குடிச் சொல் அன்று. ‘ஹவாய்’ என்பதன் பழைய ஆங்கில எழுத்துமுறையே அது. மென்மயிர்த் தோல் வணிகத்துக்காக வந்த ஹவாய்த் தீவினர் சிலர் 1819 வாக்கில் அந்தப் பகுதிக்குள் சென்று திரும்பாமல் போனதால் ஆற்றுக்கு அப்பெயர் நிலைத்தது. எனவே ஒலிபெயர்ப்பு ‘ஒவாய்ஹீ’ என்று இருக்க வேண்டும். எழுத்து வேறு, ஒலி வேறு என்பதை எரிமலைத் தீவின் பெயரே எரிகுழம்பு நிலத்தில் வந்து காட்டுகிறது பாருங்கள். (இங்கே ‘பாருங்கள்’ என்பது கண்ணால் பார்ப்பதுதான்.)

மடல் 12: மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. பதினொரு மடல்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பி முடிவு செய்தேன். நேரமும் இல்லை.

களி திரண்ட அடுக்கு ‘களித்தட்டு’. பிணைந்த தளம் ‘வன்தட்டு’. சிலிக்காவால் பிணைந்தது என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘சிலிக்கா வன்தட்டு’. சுண்ணாம்பு வகை எட்டாம் இயலில் வருகிறது. அங்கே ‘காரை வன்தட்டு’ என்று வைத்தால் இருவர் மனமும் ஆறும் என்று நம்புகிறேன். ‘எரிமலை மண்’ என்று மட்டும் எழுதினால் சாம்பல் மண் என்று கொள்வார்கள் என்பதால் ‘எரிகுழம்பு மேட்டுநிலம்’ என்று இடத்தோடு சேர்த்தே சொல்லப்போகிறேன். ‘பீடபூமி’ பலருக்குப் பழகிய சொல்தான். ஆயினும் ‘எரிகுழம்பு’ என்பதன் அருகில் ‘மேட்டுநிலம்’ நன்றாக ஒட்டிக்கொண்டது. விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் தானே வளரும் தாவரத்தை நம்பிய நிலம் என்பதால் ‘புல்வெளி’ என்பதைத் தவிர்த்து ‘மேய்ச்சல் நிலம்’ என்றே எழுதுகிறேன். குறிவிளக்கப் பெட்டியில் வருவது இது: ‘ஆழங்குறை களிமண், வன்தட்டின்மேல்’. இரண்டு சொல் மூன்றாகிவிட்டது; வரைபடக்காரர் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மண்ணியல் ஆசிரியரின் எட்டாம் மடலிலிருந்து, பனிநீர் தேங்கும் பகுதியைச் சற்றே மாற்றி அடிக்குறிப்பாகச் சேர்க்க அவருடைய இசைவை வேண்டுகிறேன்.

மடல் 13: மண்ணியல் கற்பிப்பவர்

இசைகிறேன். நீர்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குவளையும் ஒரு மணி நேரமும் போதும்.

மடல் 14: கட்டடக் கலைச்சொல் தொகுப்பவர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன்; ஆனால் என் மாற்றுக் கருத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சிமெண்டு’ என்னும் சொல்லை, பிணைக்கும் பொருள் எதுவாயினும் மண்ணியலார் தயக்கமின்றி ஆள்கிறார்கள். அதுவும் கட்டட வேலையின் வழி வந்த சொல்தான். அந்த விரிவை ஆங்கிலத்துக்கு அளித்துவிட்டு, காரையை மட்டும் சுண்ணாம்போடு கட்டிப்போடுவது எந்த நீதி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மடல் 15: இலக்கணம் கற்பிப்பவர்

நூல் வெளிவரும்போது ‘வன்தட்டு’ என்னும் வடிவத்துக்கு நான் உடன்படவில்லை என்பதை நன்றியுரையில் குறிப்பிட வேண்டாம். அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்கிறேன்.